செரடோனின் குறைவுதான் மனச்சோர்வுக்குக் காரணமா? தங்கையின் மாத்திரை பற்றி ஒரு கேள்வி

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கைக்குக் குழந்தை பிறந்து சில மாதங்கள் ஆகின்றன. பிரசவத்துக்குப் பிறகு ஆளே மாறிவிட்டாள். குழந்தை தூங்கினாலும் இவள் தூங்குவதில்லை. சாப்பாடு இறங்கவில்லை. "இந்தப் பிள்ளையை என்னால் வளர்க்க முடியாது" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுகிறாள். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனோம். செர்ட்ரலின் 50 மில்லிகிராம் எழுதிக்கொடுத்தார். மூளையில் நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் செரடோனின் என்ற வேதிப்பொருள் குறைந்திருக்கிறது, மாத்திரை அதைச் சரிசெய்யும் என்று விளக்கினார்.

மாத்திரை ஆரம்பித்து இன்னும் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் மாப்பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்துவிட்டது. செரடோனின் குறைவால் மனச்சோர்வு வருகிறது என்பது பொய் என்று 2022-லேயே நிரூபித்துவிட்டார்களாம். "பொய்யான காரணத்தைச் சொல்லிக் கொடுத்த மாத்திரையை எதற்கு விழுங்க வேண்டும், அதுவும் பால் கொடுக்கிறவள்?" என்று கேட்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, பயத்தில் கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை.

என் கேள்விகள்: அந்தச் செய்தி உண்மையா? செரடோனினை ரத்தப் பரிசோதனையில் அளந்து பார்க்க முடியாதா? மாத்திரை வேலை செய்ய ஏன் இத்தனை வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள்?


மருந்துக்கடை சிவா எழுதியது:

அண்ணா, மற்ற விளக்கமெல்லாம் படித்தவர்கள் சொல்வார்கள். நான் கவுண்டரில் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். இந்த மாத்திரைகளை விடுகிறவர்கள் இரண்டு சமயத்தில் விடுகிறார்கள். முதல் இரண்டு வாரத்தில், குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு மட்டும் தெரிந்து பலன் தெரியாமல் இருக்கும்போது. அல்லது நன்றாகத் தேறிய பிறகு, "இனி எதற்கு" என்று. இரண்டாவது வகையினர் பலர் திடீரென்று நிறுத்திவிட்டு, தலை சுற்றுகிறது, தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி இருக்கிறது என்று வந்து நிற்பார்கள். பராக்ஸெட்டின், வென்லஃபாக்ஸின் எடுத்தவர்களுக்கு இது அதிகம். அவை உடம்பைவிட்டுச் சீக்கிரம் வெளியேறிவிடும். ஃப்ளூவாக்ஸெட்டின் மெதுவாகப் போவதால் அதில் குறைவு. எதுவானாலும் எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.


நரம்புச்செல் எழுதியது:

வைகைக்கரை அண்ணா, நான் மருத்துவர் இல்லை. எலிகளின் மூளையில் நரம்பு இணைப்புகளை ஆராயும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். சிவா சொன்னதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள், மாத்திரையை நிறுத்த வேண்டாம். மாப்பிள்ளை கேட்பது நல்ல கேள்வி, அதற்கு முழுப் பதில் சொல்ல வேண்டும்.

செரடோனின் கதை தொடங்கிய இடத்தில் நம் நாட்டு மூலிகை ஒன்று இருக்கிறது. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், சர்ப்பகந்தா வேரை ரத்தக்கொதிப்புக்குக் கொடுத்த அனுபவத்தை 1949-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். அதன் பிறகுதான் மேற்கு நாடுகள் அந்தச் செடியைத் திரும்பிப் பார்த்தன. 1952-இல் ஸ்விட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. நரம்பு முனைகளில் செரடோனின், நாரட்ரினலின், டோபமின் ஆகிய செய்தி கடத்தும் வேதிப்பொருள்களைச் சேமித்து வைக்கும் நுண்பைகள் உண்டு. ரெசர்பின் அவற்றை நிரம்பவிடாது. அதைச் சாப்பிட்ட சிலர் சோர்ந்து ஒடுங்கிப்போனார்கள் என்று செய்திகள் வந்தன.

அதே காலத்தில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியசிட் கொடுத்தார்கள். படுத்த படுக்கையாக இருந்தவர்கள் உற்சாகமாக எழுந்து நடமாடினார்கள். அந்த மருந்து இதே வேதிப்பொருள்களைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பது தெரியவந்தது. ஸ்விட்சர்லாந்தின் மன்ஸ்டர்லிங்கன் மருத்துவமனையில் ரோலண்ட் குன் இமிப்ரமினைப் பயன்படுத்தி 1957-இல் முடிவுகளை வெளியிட்டார். இந்த வகை மருந்துகள், வெளியிட்ட வேதிப்பொருளை நரம்பு முனை திரும்ப உறிஞ்சிக்கொள்வதைத் தடுக்கின்றன என்பதை ஜூலியஸ் ஆக்ஸல்ராட் அடுத்த சில ஆண்டுகளில் காட்டினார். அவருக்கு 1970-இல் நோபல் பரிசு கிடைத்தது.

குறைத்தால் சோர்வு, கூட்டினால் தெளிவு. அப்படியானால் நோயே குறைபாடுதான் என்று எண்ணுவது அந்தக் காலத்தில் இயல்பு. 1965-இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஷில்ட்க்ராட் நாரட்ரினலினைச் சுட்டினார், 1967-இல் இங்கிலாந்தின் அலெக் காப்பன் செரடோனினைச் சுட்டினார். ஆனால் கதைக்குப் பொருந்தாத ஆதாரமும் ஆரம்பத்திலேயே இருந்தது. 1955-இல் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் பதற்றமும் சோர்வும் உள்ள நோயாளிகளுக்கு ரெசர்பின் கொடுத்து, அது உதவியது என்று லான்செட் இதழில் எழுதியிருந்தார்கள். அதைப் பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. எனக்கு இன்றும் மனதை உறுத்தும் விஷயம் அது.


கேள்விக்குறி எழுதியது:

நன்றி மேடம். அப்படியென்றால் வாட்ஸ்அப் செய்தி உண்மைதானே? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் ஜோவன்னா மான்க்ரீஃப் குழு 2022 ஜூலையில் எழுதியதை நான் படித்தேன். அதுவரை வந்த ஆய்வுத் தொகுப்புகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து, மனச்சோர்வுள்ளவர்களுக்குச் செரடோனின் குறைவு என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றார்கள். மருந்து நிறுவனங்கள் பல ஆண்டுகளாக "வேதிச் சமநிலைக் கோளாறு" என்று விளம்பரம் செய்து விற்றார்கள். ஒரு தாய்க்குத் தவறான காரணத்தைச் சொல்வதே அவளுக்குச் செய்யும் அநீதி என்று நினைக்கிறேன். இதைச் சொல்வதால் மருந்துக்கு எதிரி என்று என்னை நினைக்க வேண்டாம். உண்மை தெரிய வேண்டும், அவ்வளவுதான்.


நரம்புச்செல் எழுதியது:

நீங்கள் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். "செரடோனின் குறைந்துவிட்டது" என்ற ஒற்றை வரி விளக்கம் நிற்காது. டிரிப்டோஃபான் சோதனை ஒன்று போதும். செரடோனினைச் செய்ய உடம்புக்கு உணவிலிருந்து கிடைக்கும் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் வேண்டும். அது இல்லாத பானத்தைக் கொடுத்தால் சில மணி நேரத்தில் செரடோனின் உற்பத்தி குறையும். நலமாக இருப்பவர்களுக்கு இப்படிச் செய்தால் பெரும்பாலும் எதுவும் ஆவதில்லை. குறைவுதான் நோய் என்றால் அவர்களும் சோர்ந்திருக்க வேண்டும்.

ஆனால் அதே சோதனையின் இன்னொரு பாதியை வாட்ஸ்அப் சொல்வதில்லை. 1990-இல் யேல் பல்கலைக்கழகத்தில் டெல்காடோ குழு, மருந்தால் தேறியிருந்த நோயாளிகளிடம் இதைச் செய்தது. அவர்களில் பலருக்கு அன்றைக்கே சோர்வு திரும்பியது. வழக்கமான உணவுக்குத் திரும்பியதும் தெளிந்தது. அதாவது செரடோனின் குறைவு நோயை உண்டாக்காமல் இருக்கலாம், ஆனால் சிலருடைய மீட்சி அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

மான்க்ரீஃப் கட்டுரைக்கு 2023-இல் பல ஆய்வாளர்கள் சேர்ந்து அதே இதழில் மறுப்பு எழுதினார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் செய்த பெட் ஸ்கேன் ஆய்வு ஒன்றும் அந்தச் சமயத்தில் வந்தது. சோர்வுள்ள 17 பேருக்கும் நலமாக இருந்த 20 பேருக்கும் செரடோனினை வெளியிடத் தூண்டும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சோர்வுள்ளவர்களின் மூளையில் வெளியீடு குறைவாக இருந்தது. சிறிய ஆய்வு, அதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் வழக்கு முடிந்துவிட்டது என்று சொல்லவும் முடியாது.

காரணம் ஒரு கேள்வி, பலன் வேறு கேள்வி. பலனை மருத்துவப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். 2018-இல் சிப்ரியானி குழு லான்செட்டில் 522 பரிசோதனைகளை, 1,16,477 பேரின் தரவுகளைத் தொகுத்தது. அவற்றில் சோதித்த 21 மனச்சோர்வு மருந்துகளும் போலி மாத்திரையைவிடச் சிறப்பாக வேலை செய்தன. சராசரிப் பலன் மிதமானதுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. சிலருக்கு வாழ்க்கையே திரும்புகிறது, சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை. அமெரிக்காவின் ஸ்டார்-டி ஆய்வில் முதல் மருந்தில் முழுதாகத் தேறியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான்.


வைகைக்கரை எழுதியது:

மேடம், மாப்பிள்ளையும் இப்போது கூட உட்கார்ந்து படிக்கிறார். அவர் கேட்கச் சொன்னது இது: செரடோனின் குறைபாடு இல்லையென்றால் மாத்திரை எதைத்தான் செய்கிறது?


நரம்புச்செல் எழுதியது:

அவருக்கு என் வணக்கம் சொல்லுங்கள். உங்கள் முதல் பதிவில் இருந்த "ஏன் இத்தனை வாரம்" என்ற கேள்விக்கும் இதற்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

செர்ட்ரலின் செரடோனினைத் திரும்ப உறிஞ்சும் புரதத்தைச் சில மணி நேரத்திலேயே தடுத்துவிடும். குறைபாட்டை நிரப்புவதுதான் வேலை என்றால் மறுநாளே தெளிய வேண்டும். ஆவதில்லை. ஒரு காரணம், செரடோனின் நரம்புச் செல்கள் தம்மைத் தாமே கண்காணிக்கின்றன. வெளியே அளவு கூடினால் அந்தச் செல்களின் மேலுள்ள 1ஏ வகை ஏற்பிகள் அதை உணர்ந்து உற்பத்தியைக் குறைக்கும். அந்த ஏற்பிகள் மரத்துப்போக இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆனால் அதோடு கதை முடியவில்லை.

1990-களில் யேலில் ரொனால்ட் டுமன், எரிக் நெஸ்லர் முதலானோர் செல்லின் உட்பக்கத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். மருந்தைப் பல நாள் தொடர்ந்து கொடுத்த எலிகளின் ஹிப்போகாம்பஸில், அதாவது நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியில், பிடிஎன்எஃப் என்ற புரதம் கூடியது. 1982-இல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட வளர்ச்சிக் காரணி அது. நரம்புச் செல்கள் உயிரோடு இருக்கவும், கிளைவிடவும், இணைப்புகளை வலுப்படுத்தவும் அது தேவை. நீடித்த மன உளைச்சல் அதற்கு நேர்மாறானது. எலியைத் தொடர்ந்து அச்சத்தில் வைத்தால் கார்டிசால் போன்ற அதன் மன அழுத்த ஹார்மோன் ஏறியே நிற்கும், பிடிஎன்எஃப் குறையும், முன்மூளையிலும் ஹிப்போகாம்பஸிலும் நரம்புக் கிளைகள் சுருங்கும், கிளைகளின் மேலுள்ள நுண்முட்கள் குறையும். ஒரு செல் இன்னொரு செல்லின் செய்தியை வாங்கும் இடங்கள் அந்த முட்கள்தான். மனிதர்களிலும் மீண்டும் மீண்டும் சோர்வு வந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் சராசரியில் சற்றுச் சிறியதாக இருப்பதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டுகின்றன. வித்தியாசம் மிகச் சிறிது. ஒருவரின் ஸ்கேனை வைத்து நோயைச் சொல்ல முடியாது.

ஆக, இணைப்புகள் மீண்டும் வளர நாள் பிடிக்கும். மாத்திரைக்கும் நாள் பிடிக்கிறது.

இதில் எனக்கு மிகப் பிடித்த ஆய்வு ஹெல்சிங்கியில் ஏரோ காஸ்ட்ரன் குழு 2011-இல் செய்தது. ஒரு சத்தம் கேட்டால் ஷாக் அடிக்கும் என்று எலிகளைப் பயப்பட வைத்தார்கள். பிறகு ஒரு பிரிவுக்கு ஃப்ளூவாக்ஸெட்டின் மட்டும், ஒரு பிரிவுக்குப் பயத்தை மறக்கும் பயிற்சி மட்டும், ஒரு பிரிவுக்கு இரண்டும். மருந்து மட்டும் பெற்றவற்றின் பயம் அப்படியே இருந்தது. பயிற்சி மட்டும் பெற்றவற்றுக்குப் பயம் தணிந்து பின் திரும்பியது. இரண்டும் பெற்றவற்றுக்குத்தான் பயம் நிலையாக நீங்கியது. மருந்து மூளையை மாறக்கூடிய நிலைக்குக் கொண்டுவருகிறது, எந்தப் பக்கம் மாறும் என்பது அந்த நேரத்தில் அதற்குக் கிடைக்கும் அனுபவத்தைப் பொறுத்தது என்பது காஸ்ட்ரனின் கருத்து. அதே குழு 2021-இல் இன்னும் ஒரு படி போனது. இந்த மருந்துகள் பிடிஎன்எஃப்-இன் ஏற்பியான டிஆர்கே-பி புரதத்திலேயே நேரடியாக ஒட்டுகின்றன என்றது. எல்லோரும் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை, ஆனால் எங்கள் துறையில் அதைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை.

மாப்பிள்ளையிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: உங்கள் தங்கைக்கு இப்போது கிடைக்கும் தூக்கம், கூட இருக்கும் ஆள், வசை இல்லாத வீடு எல்லாம் மருந்தோடு சேர்ந்தே வேலை செய்யும்.


பழைய_மாணவன் எழுதியது:

கெட்டமைன் பற்றி யாரும் சொல்லவில்லையே? அது மணிக்கணக்கில் வேலை செய்கிறதாமே. இணைப்பு வளர நாளாகும் என்றால் அது எப்படி?


நரம்புச்செல் எழுதியது:

சரியான இடத்தில் பிடித்தீர்கள். கெட்டமைன் மயக்க மருந்து. யேலில் 2000-இல் ஏழு நோயாளிகளிடம் சிறிய அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். 2006-இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் கார்லோஸ் சராத்தே, பல மருந்துகளுக்கும் கட்டுப்படாத நோயாளிகளுக்கு, கிலோவுக்கு அரை மில்லிகிராம் வீதம் 40 நிமிடம் செலுத்தினார். இரண்டு மணி நேரத்துக்குள் சோர்வு இறங்கியது, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஒரு வாரமாவது நீடித்தது. இதன் முதன்மை இலக்கு செரடோனின் இல்லை, குளூட்டமேட் என்ற இன்னொரு செய்தி கடத்தும் வேதிப்பொருளின் என்எம்டிஏ ஏற்பி.

2010-இல் டுமன் குழு, கெட்டமைன் கொடுத்த எலிகளின் முன்மூளையில் 24 மணி நேரத்தில் புதிய முட்கள் முளைப்பதைக் காட்டியது. எம்டார் என்ற புரத உற்பத்திப் பாதையை ராப்பமைசின் என்ற மருந்தால் அடைத்தால் பலனும் போனது. 2019-இல் கானர் லிஸ்டன் குழு இன்னும் நுட்பமாகப் பார்த்தது. எலியின் நடத்தை மூன்று மணி நேரத்தில் தேறிவிட்டது, முட்கள் அதற்குப் பிறகுதான் முளைத்தன. ஆனால் புதிதாக முளைத்த முட்களை மட்டும் ஒளியால் அழித்தபோது, தேறிய நடத்தை நிலைக்கவில்லை. முதல் தெளிவு வேறு வழியில் வருகிறது, அது நீடிக்க இணைப்பு வேண்டும்.

எலியில் கண்டதெல்லாம் மனிதருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2020-இல் யேலில் 20 நோயாளிகளுக்கு ராப்பமைசின் கொடுத்துவிட்டுக் கெட்டமைன் கொடுத்தார்கள். பலன் அடைபடும் என்று எதிர்பார்த்தார்கள். மாறாக, ராப்பமைசின் இல்லாமல் கொடுத்தபோது இருந்ததைவிட அதிகமானவர்களுக்கு இரண்டு வாரம் கழித்தும் பலன் நிலைத்திருந்தது. எங்கள் ஆய்வகத்தில் அன்று வேறு பேச்சே இல்லை.

கெட்டமைனின் ஒரு வடிவமான எஸ்கெட்டமைன் மூக்குத் தெளிப்பானுக்கு 2019-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. போதைக்குப் பழகும் ஆபத்து உள்ள மருந்து, கண்காணிப்பில் மட்டுமே கொடுக்க வேண்டும்.


பொருநை மருத்துவர் எழுதியது:

இப்போதுதான் இந்த இழையைப் பார்த்தேன். வைகைக்கரை, முக்கியமான ஒன்றைக் கேட்கிறேன். தைராய்டு பார்த்தார்களா? பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் சில தாய்மாருக்குத் தைராய்டு சுரப்பி அழற்சி வரும். அது சோர்வு, தூக்கமின்மை, பதற்றம் என்று மனச்சோர்வு மாதிரியே தெரியும். தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை, ஹீமோகுளோபின், பி12 பார்த்துவிடுங்கள். ரத்தசோகையை நம் ஊரில் எப்போதும் சந்தேகப்பட வேண்டும்.

செரடோனினுக்கு ரத்தப் பரிசோதனை செய்வதில் பயன் இல்லை. உடம்பின் செரடோனினில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குடலில் இருக்கிறது. ரத்தத்தில் இருப்பது தட்டணுக்கள் சுமப்பது. அது ரத்த–மூளைத் தடுப்பைத் தாண்டாது. அந்த எண் மூளையைப் பற்றி எதுவும் சொல்லாது.

பிரசவத்தோடு நேரடித் தொடர்புள்ள ஒரு மூலக்கூறும் இருக்கிறது. புரோஜெஸ்டிரோன் ஹார்மோனிலிருந்து அல்லோபிரெக்னனலோன் என்ற பொருள் உருவாகும். அது மூளையில் காபா ஏற்பிகளைத் தூண்டி நரம்புகளை அமைதிப்படுத்தும். கர்ப்ப காலத்தில் ஏறிக்கொண்டே போய், பிரசவமானதும் சரசரவென்று இறங்கிவிடும். பெரும்பாலான தாய்மாரின் மூளை அதற்கு ஈடுகொடுக்கிறது, சிலருடையது திணறுகிறது. அதே பொருளை மருந்தாக்கி பிரெக்ஸனலோன் என்று 2019-இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். 2023-இல் சுரனலோன் மாத்திரையாக வந்தது, 14 நாள் மட்டும் சாப்பிடுவது. நம் ஊரில் வழக்கமாகக் கொடுப்பது செர்ட்ரலின் போன்றவைதான். செர்ட்ரலின் தாய்ப்பாலில் சேர்வது மிகக் குறைவு. பாலூட்டும் தாய்க்கு முதலில் யோசிக்கும் மருந்துகளில் ஒன்று அது. மாப்பிள்ளையின் பயத்துக்கு இது பதிலாக இருக்கும்.

தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வருகிறதா என்று தங்கையிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. வந்தால், அல்லது இல்லாத குரல் கேட்கிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறாள் என்றால், அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம்.


கேள்விக்குறி எழுதியது:

டாக்டர், ஒரு மனத்தாங்கலைச் சொல்கிறேன். கடன், குடிக்கிற கணவன், மாமியார் கொடுமை, வேலையின்மை என்று எத்தனையோ இருக்கும்போது, எல்லாவற்றையும் புரதம், ஏற்பி என்று பேசினால் அந்தக் கொடுமைகள் கண்ணில் படாமல் போய்விடாதா?


பொருநை மருத்துவர் எழுதியது:

நியாயமான வருத்தம். ஆனால் மூலக்கூறு ஆய்வுகள் அந்தக் கொடுமைகளை மறைப்பதைவிடப் பதிவு செய்திருக்கின்றன என்றே சொல்வேன். 2004-இல் மாண்ட்ரியலில் மைக்கேல் மீனி குழு, தாய் நக்கி அரவணைத்து வளர்த்த எலிக்குட்டிகளையும் அரவணைப்புக் குறைந்த குட்டிகளையும் ஒப்பிட்டது. அரவணைப்புக் குறைந்தவற்றில், கார்டிசால் வகை ஹார்மோனுக்கான ஏற்பியின் மரபணுவில், அதன் செயலை அடக்கும் மெத்தில் குறிகள் கூடியிருந்தன. அவற்றால் பதற்றத்தைச் சீக்கிரம் அடக்க முடியவில்லை. குட்டிகளைத் தாய் மாற்றி வளர்த்தால் குறியும் மாறியது. அதே கனடாவில் 2009-இல், சிறுவயதில் வன்கொடுமைக்கு ஆளாகித் தற்கொலை செய்துகொண்டவர்களின் மூளையிலும் இணையான குறிகளைக் கண்டார்கள்.

உடம்பு நோயும் அப்படியே மூளைக்குள் வரும். முன்பு கல்லீரல் அழற்சி சி வகைக்கு இன்டர்ஃபெரான் ஊசி போடுவோம். மனநோய் வரலாறே இல்லாதவர்கள் சில வாரங்களில் சோர்ந்துபோவார்கள். இன்டர்ஃபெரான் போன்ற நோயெதிர்ப்புச் சமிக்ஞைகள் டிரிப்டோஃபானைச் செரடோனின் பாதையிலிருந்து, கைனுரெனின் என்ற வேறு பொருளைச் செய்யும் பாதைக்குத் திருப்பிவிடுகின்றன. இதைப் பார்த்து, அழற்சியைத் தணிக்கும் மருந்தால் சோர்வைக் குணப்படுத்தலாமா என்று, அப்படிப்பட்ட மருந்தான இன்ஃப்ளிக்ஸிமாப் கொடுத்துப் பார்த்த முடிவு 2013-இல் வந்தது. மொத்தத்தில் பலன் இல்லை. ரத்தத்தில் அழற்சிக் குறியீடு உயர்ந்திருந்தவர்களுக்கு மட்டும் உதவியதற்கான அறிகுறி இருந்தது. மனச்சோர்வு என்று ஒரே பெயரில் அழைத்தாலும் உள்ளே ஒரே நோய் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

மருந்து மட்டும்தான் வழி என்றும் இல்லை. விக்ரம் படேல் குழு கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பே இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான சோர்வு உள்ளவர்களோடு ஆறு முதல் எட்டு முறை பேச வைத்தது. 495 பேர் கலந்துகொண்ட பரிசோதனை, 2017-இல் லான்செட்டில் வந்தது. நன்றாகவே பலன் தந்தது.


கரிசல்காட்டுப்பெண் எழுதியது:

என் அம்மாவுக்கும் இருந்தது, எனக்கும் வந்தது. என் மகளுக்கு வருமா என்று மரபணு சோதனை செய்து சொல்வதாக ஒரு தனியார் ஆய்வகம் விளம்பரம் அனுப்புகிறது. பணம் கட்டலாமா?


நரம்புச்செல் எழுதியது:

வேண்டாம் அக்கா. இரட்டையர் ஆய்வுகளின்படி மனச்சோர்வில் மரபின் பங்கு ஏறத்தாழ 37 சதவீதம். மீதி வாழ்க்கை. 2003-இல் நியூசிலாந்தின் டனீடின் ஆய்வில், செரடோனின் கடத்தி மரபணுவின் குட்டை வடிவம் உள்ளவர்கள் துன்பம் வரும்போது அதிகம் சோர்கிறார்கள் என்று சொல்லிப் பெரும் பரபரப்பானது. பிறகு பெரிய ஆய்வுகளில் அது நிற்கவில்லை. 2019-இல் இப்படிப் பேர்போன 18 மரபணுக்களை லட்சக்கணக்கானவர்களின் தரவில் சோதித்தார்கள். சும்மா எடுத்த மரபணுக்களைவிட அவற்றுக்கு மேலான தொடர்பு ஏதும் இல்லை. 2025-இல் வெளிவந்த 29 நாடுகளின் கூட்டாய்வு கிட்டத்தட்ட 700 மரபு வேறுபாடுகளைக் காட்டுகிறது. ஒவ்வொன்றின் பங்கும் துளியளவு. உங்கள் மகளின் எதிர்காலத்தை அதில் யாரும் படித்துச் சொல்ல முடியாது. உங்களுக்கு எப்படி வந்தது, எப்படித் தேறினீர்கள் என்று அவளுக்கு வயது வரும்போது நீங்கள் சொன்னால், அது எந்தச் சோதனையையும்விடப் பயன்படும்.


வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தங்கையிடம் டாக்டர் சொன்னபடி நேராகக் கேட்டேன். சாகும் எண்ணம் இல்லை என்றாள், பேசியதில் கொஞ்சம் அழுதாள். தைராய்டு பார்க்கவில்லை, நாளை காலை ரத்தம் கொடுக்கிறோம். மாப்பிள்ளை மாத்திரையைத் தொடரச் சம்மதித்துவிட்டார். ராத்திரி ஒரு வேளைப் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டால் அவரே குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகவும், அவள் தொடர்ந்து தூங்கட்டும் என்றும் சொல்கிறார். மாத்திரையை எத்தனை மாதம் தொடர வேண்டியிருக்கும் டாக்டர்?


பொருநை மருத்துவர் எழுதியது:

அவருக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள், தூக்கம் அவளுக்கு இப்போது மிகவும் தேவை. முதல் முறை வந்த சோர்வு என்றால், முழுதாகத் தேறிய பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடரச் சொல்வோம். பிறகு அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவோம். அதை அவளைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்வார். நான்கு முதல் ஆறு வாரத்தில் மாற்றமே இல்லையென்றால் அளவைக் கூட்டுவதா, மருந்தை மாற்றுவதா என்று அவரிடம் கேளுங்கள். டிஎஸ்ஹெச் முடிவு வந்ததும் அதையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.